ஐந்தாவது ஆள்

ஹாலிஃபாக்ஸ்
4 மார்ச் 2019

எனிட்டுக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. சட்டம் எழுதச் சொல்கிறது. ஒரு வீட்டைப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட உரிமம் கேட்கிறவன், அந்த வீட்டில் பங்கு உள்ளவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுமாம். அம்மாவின் வீட்டில் பாதி உன்னுடையது. ஆகவே தெரிவிக்கிறேன்.

இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ இதைப் படித்த கையோடு வக்கீலிடம் ஓடுவாய். அவர் அரைகுறையாக ஏதாவது சொல்வார். அதற்கு நானே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் என் வீட்டிலேயே இருந்ததால், அம்மா போன பிறகு அவள் வீடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. சுவரெல்லாம் ஈரம். வாடகைக்கு விட்டேன். நீ தொலைபேசியில் கத்திவிட்டு வைத்தாய். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக நாம் பேசவில்லை. அந்த வழக்கை இங்கே திறக்க மாட்டேன். நான் செய்தது சரி.

ஒரே குடும்பமாக வந்தால் கொடுத்திருப்பேன். யாரும் வரவில்லை. இப்போது மூன்று தரப்பு இருக்கிறார்கள். கீழே முன்னறையில் டெஸ்மண்ட் ஃபர்த். பஸ் ஓட்டுகிறான். மனைவி இவனைத் துரத்திவிட்டாள். காரணம் கேட்டால் அவள் பக்கமே நியாயம் என்கிறான். முதல் மாடியில் ரூடோ மோயோ, ஜிம்பாப்வேக்காரி, ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். மேல் மாடியில், நம் இருவரின் பழைய அறைகளில், ராடெக்கும் யாகோதாவும். போலந்துக்காரர்கள், கணவன் மனைவி. சமையலறையும் குளியலறையும் பொது. மூவருக்கும் தனித்தனி ஒப்பந்தம் எழுதினேன். ஒரே ஒப்பந்தம் போட்டால் ஒருவன் ஓடிப்போனாலும் அவன் வாடகை மற்றவர்கள் தலையில் விழும். எந்த வக்கீலும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்தேன்.

அங்கேதான் இன்னொன்றும் படித்தேன். ஒரே குடும்பம் அல்லாத ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் ஒரு வீட்டைப் பகிர்ந்தால் உரிமம் கட்டாயம். நான்கு பேர் என்றால் வேண்டாம். நான் நான்கில் நிறுத்தினேன். பரணறை கேட்டு வந்த ஒரு நல்ல மனிதனைக்கூடத் திருப்பி அனுப்பினேன்.

பிப்ரவரியில் யாகோதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மறுபடியும் நூலகத்துக்குப் போனேன். சட்டத்தில் 'ஆள்' என்றுதான் இருக்கிறது. எந்த வயதிலிருந்து ஆள் என்று எங்கும் இல்லை. வெளியே வந்து நேராக நகரசபைக்கு நடந்துபோய், "என் வாடகை வீட்டில் ஐந்து பேர் ஆகிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டேன். டெஸ்மண்டுக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் கிளிஃப், அதுக்கு இன்னும் தலையே நிக்கல. அதைப் போய் ஒரு ஆளுன்னு சொல்லிட்டு வந்திருக்கியே! யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லைதான்.

இப்போது உன் விஷயம். உரிமம் கிடைக்க வீட்டில் சில வேலைகள் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு உன் கையெழுத்து வேண்டும். நீ போடாவிட்டால் அந்தத் தம்பதி குழந்தையோடு வெளியேற வேண்டியதுதான். நான் கெஞ்சவில்லை. நிலைமையைச் சொல்கிறேன்.

கிளிஃபர்ட் சக்டன்


ஸ்ட்ரோம்னஸ், ஆர்க்னி
13 மார்ச்

அண்ணா,

உன் பெயரை முழுதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கூடப் பிறந்தவளுக்கு எழுதும்போதும் நகரசபைக்கு எழுதுகிற கைதான் உனக்கு.

முதலில் ஒன்று. நான் கத்தியதை நினைவு வைத்திருக்கிறாய். எதற்குக் கத்தினேன் என்பதை மறந்துவிட்டாய். வாடகைக்கு விட்டதற்காக இல்லை. அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆக்டன் அம்மாள் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் "உங்கள் வீட்டு நர்ஸ் நல்ல பெண்" என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் ஏது நர்ஸ் என்று நான் விழித்தேன். என் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு ஊரார் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது. கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். நீ கேட்கவில்லை.

இரண்டாவது, நான் வக்கீலிடம் ஓடவில்லை. நடந்துதான் போனேன். பத்திரத்தில் இரண்டு பெயரும் இருப்பதால், அந்த வீட்டில் ஏதாவது நடந்தால் என்னையும் கேட்பார்கள் என்கிறார். நான் கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, பார்த்திராத சமையலறைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். வீட்டை விற்றுவிடு. முறைப்படி அவகாசம் கொடுத்து அவர்களை அனுப்பு. நீ மறுத்தால் விற்கச் சொல்லி நான் கோர்ட்டுக்குப் போகலாம். ஈஸ்டர் வரை பார்ப்பேன்.

கடைசியாக, 'ஆள்' பற்றி. படகுத்துறை அலுவலகத்தில் என் வேலைக்காலம் முழுக்கப் பயணிகளை எண்ணியவள் நான். கைக்குழந்தையை எண்ணாமல் ஒரு படகும் எங்கள் துறையை விட்டுப் போனதில்லை. உனக்கு அது எழுபத்தாறு வயதில் தெரிந்திருக்கிறது. இருந்தாலும் யாரும் கேட்காதபோது நீயே போய்ச் சொன்னாய். அதை மட்டும் இரண்டு தரம் படித்தேன்.

எனிட்


ஹாலிஃபாக்ஸ்
24 மார்ச்

எனிட்டுக்கு,

கேட்டிருந்தால் சரி என்றிருப்பாயாம். அதை இப்போது சொல்வது சுலபம்.

நகரசபையிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வந்தது. ருக்சானா மிர் என்று ஒரு பெண். பிராட்ஃபோர்டில் பிறந்தவள், நம்மைவிட நன்றாக நம் யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சைப் பேசுகிறாள். நான் சட்டத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன் என்று வைத்துக்கொள்.

அவள் நேராக மேல் மாடிக்குப் போனாள். உன் அறை வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா பண்ற?" என்றேன்.

"தீப்பிடிச்சா புகையில கண்ணு தெரியாது, மிஸ்டர் சக்டன். இங்கிருந்து தெருவுக்குப் போக முடியுதான்னு பாக்கறேன். நீங்க பேசாம வாங்க, வழி சொல்லக்கூடாது."

சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினாள். முதல் மாடித் திருப்பத்தில் ரூடோவின் துணி காயும் கொடி முகத்தில் பட்டது. கீழே கூடத்தில் டெஸ்மண்டின் சைக்கிளில் முழங்காலை இடித்துக்கொண்டாள். அதற்கு அப்பால் குழந்தையின் தள்ளுவண்டி. வாசற்கதவை எட்டியபோது கண்ணைத் திறக்காமலே உள்பக்கப் பூட்டைத் தடவினாள்.

"சாவி எங்க?"

"எல்லார் பையிலயும் ஒண்ணு இருக்கு."

"புகையில எழுந்து ஓடுற ஆளு பையைத் தேடுமா? உள்ள இருந்து சாவி இல்லாம திறக்கணும், இந்த வாசலும் சரி, அறைக் கதவுங்களும் சரி."

இத்தனை வருடம் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒருநாளும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிப் பார்க்கத் தோன்றவில்லை. நான் புத்தகத்தில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் கால்களைப் பற்றி யோசித்திருக்கிறாள்.

அதோடு விடவில்லை. நான்கு பேர் இருந்தபோதும் இதெல்லாம் என் கடமைதானாம். உரிமம் வேண்டாம் என்றால் பாதுகாப்பும் வேண்டாம் என்று அர்த்தமில்லையாம். அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டும்.

ஆனால் நான் சும்மா விடுவேனா? சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "இவங்க மூணு குடும்பம்னு யார் சொன்னா? ஞாயித்துக்கிழமை வந்து பாரு. டெஸ்மண்ட் யார்க்‌ஷயர் புட்டிங் போடுவான், ராடெக் பீட்ரூட் சூப்பு, ரூடோ சோளமாவுக் களி. ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுறாங்க. குழந்தை யார் மடியில இருக்குன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும். இது ஒரே குடும்பம் இல்லையா?"

"சட்டத்துக்கு இல்லை. ரத்த உறவு இருக்கணும், இல்லன்னா புருஷன் பொண்டாட்டியா வாழணும்."

"அப்போ எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. ரெண்டு வருஷமா எங்களுக்குப் பேச்சே கிடையாது. நாங்க என்ன?"

அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். "ஒரே வீட்டுல இருந்தீங்கன்னா, நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம். பேசணும்னு சட்டத்துல இல்லை, மிஸ்டர் சக்டன்."

டெஸ்மண்ட் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பது எனக்குக் கேட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளோடு ஒத்துப்போக மாட்டேன். அறைக் கதவுகள் அரை மணி நேரம் நெருப்பைத் தாங்க வேண்டுமாம். நம் கதவுகள் தாங்காது, நடுவில் உள்ள பலகைகள் மெல்லியவை என்கிறாள். அப்பா தன் கையால் இழைத்த கதவுகள்! "அரை மணி நேரம் என்னம்மா, அரை நாள் தாங்கும். நிரூபிச்சுக் காட்டறேன்" என்று சொல்லியிருக்கிறேன். காட்டுவேன்.

அவர்களை வெளியே அனுப்பும் நோட்டீஸை நான் எழுத மாட்டேன். நீ எத்தனை கோர்ட்டுக்குப் போனாலும் சரி.

கிளிஃபர்ட்


ஸ்ட்ரோம்னஸ்
2 ஏப்ரல்

அண்ணா,

அப்பாவின் கதவுகளைத் தொடாதே.

உனக்கு 'நிரூபிக்கிறேன்' என்ற வார்த்தை வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். குளம் உறைந்துவிட்டது என்று நிரூபிக்கப் போய் இடுப்புவரை நனைந்து வந்தவன் நீ. உன்னை இழுத்து வெளியே போட்டது நான்.

கடல் இந்த வாரம் கொந்தளிப்பாக இருக்கிறது. தபால் தாமதமாகும். ஈஸ்டருக்குப் பிறகு கோர்ட்டு மனு போடலாம் என்று வக்கீல் தயாராக இருக்கிறார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, உன் காகிதத்திலும் சரி, அவருடையதிலும் சரி.

அந்த ருக்சானா மிர் கண்ணை மூடி இறங்கியதை இங்கே படகுத்துறையில் சொன்னேன். இளைய மாலுமிகளுக்கு அப்படித்தான் பயிற்சி கொடுப்பார்கள், கண்ணைக் கட்டி மேல்தளத்துக்கு வழி கண்டுபிடிக்கச் சொல்லி. உங்கள் ஊர் நகரசபையில் அப்படி ஒரு பெண் வேலை செய்வதே நம்ப முடியவில்லை.

குழந்தைக்கு என்ன பெயர்? வக்கீலுக்குத் தேவைப்படலாம்.

எனிட்


ஹாலிஃபாக்ஸ்
14 ஏப்ரல்

எனிட்டுக்கு,

குழந்தையின் பெயர் கலினா. எந்த வக்கீலுக்கும் அது தேவைப்படாது.

உன் கடிதம் தாமதமாக வந்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. நான் சொல்வதை இடையில் நிறுத்தாமல் படி.

செவ்வாய்க்கிழமை காலை ருக்சானா இரண்டாவது முறை வருவதாக இருந்தது. ஒரு அறைக் கதவைக் கழற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுவந்தேன். ராடெக் ஒரு முனையைப் பிடித்தான். எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. போலந்தில் வயதானவர்களிடம் கேள்வி கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது, டெஸ்மண்ட் அங்கே போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம். வீட்டுச் சுவரை ஒட்டிய பழைய கரி அறையின் வாசலில் கதவை நிறுத்தி, சுற்றிலும் செங்கல் அடைத்தேன். உள்பக்கம் விறகுக் கூடை. அறைக்குள் தீ, வெளியே நாம், நடுவில் அப்பாவின் கதவு. பரிசோதனை என்றால் முறையாக இருக்க வேண்டும்.

ருக்சானா வந்து பார்த்தாள். "மிஸ்டர் சக்டன், இதை என்னால எந்த அறிக்கையிலயும் எழுத முடியாது."

"எழுத வேண்டாம். நில்லு. பாரு."

"பலகைதான் முதல்ல போகும்."

"எங்கப்பா செஞ்சதும்மா."

"உங்கப்பா நல்ல தச்சர். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் தீயை நினைச்சு இதைச் செய்யல, அவ்வளவுதான்."

பற்றவைத்தேன். பாரு, கதவுச் சட்டத்தைப் பாரு, இணைப்புகளைப் பாரு, ஒரு ஆணி கிடையாது என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். யாகோதா கொடுத்த தேநீர் என் கையில் இருந்தது. அது குடிக்கிற சூட்டுக்குக் கூட ஆறவில்லை. மேல் பலகையின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் வந்தது. கறுத்தது. பிறகு அந்த இடத்தில் பலகையே இல்லை, தீ வெளியே நாக்கை நீட்டியது. சட்டம் அப்படியே நின்றது, எனிட். அப்பாவின் இணைப்பு ஒன்றும் அசையவில்லை. ஆனால் நடுவில் ஒரு தலை நுழைகிற ஓட்டை.

புகை வந்ததுதான் நான் கணக்குப் போடாதது. நான் நினைத்ததைவிடக் கறுப்பாக, தடிப்பாக, சுவரை ஒட்டி மேலே ஏறியது. மேல் மாடி ஜன்னல் திறந்திருந்தது. யாகோதா உள்ளே குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் இருமுவது கேட்டது. பிறகு குழந்தை. அவ்வளவு சின்ன இருமல். நான் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றேன். கால் நகரவில்லை.

மற்றவர்கள் நகர்ந்தார்கள். வேலை முடிந்து அப்போதுதான் வந்த ரூடோ, கோட்டைக்கூடக் கழற்றாமல் படியேறி, குழந்தையைத் தன் மார்போடு சேர்த்துத் துணியால் மூடிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். அவள் பின்னாலேயே யாகோதா. கூடத்தில் சைக்கிள் இல்லை, தள்ளுவண்டி இல்லை. ருக்சானா முதல் முறை வந்துபோன அன்றே டெஸ்மண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். இப்போது அவன் தண்ணீர்க் குழாயோடு வந்தான். ராடெக் செங்கல்லைத் தள்ளினான். ருக்சானா கோட்டைக் கழற்றிவிட்டு வாளி எடுத்தாள். யாரும் யாரிடமும் என்ன செய்வது என்று கேட்கவில்லை. சட்டம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நான் பார்த்ததை நான் பார்த்தேன்.

தீ அணைந்த பிறகு ரூடோ என் முன்னால் வந்து நின்றாள்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லை. நெஞ்சுல காது வெச்சுக் கேட்டுட்டேன். ஆனா ஐயா, அடுத்த தடவை ஏதாவது நிரூபிக்கணும்னா முதல்ல எங்ககிட்ட சொல்லுங்க. இது நாங்க குடியிருக்கிற வீடு."

டெஸ்மண்ட் சும்மா இருப்பானா? "விடு ரூடோ, கதவு அரை நாள் தாங்கும்னாரு. பாதி சரிதான். கதவு இருந்துது, நாள்தான் இல்லை."

ருக்சானா சிரிக்கவில்லை. நனைந்த சட்டையோடு என் பக்கத்தில் வந்து அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சட்டம் எரியலை பாருங்க. இவ்வளவு நல்ல இணைப்பை நான் பார்த்ததில்லை" என்றாள். தோற்றவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்களோ.

நான் தோற்றேன் என்று எழுதிவிட்டேன். நீ இதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

மேல் மாடியில் அதே மாதிரிக் கதவுக்குப் பின்னால் அவர்கள் தூங்குகிறார்கள். எனக்கு இப்போது சரியான கதவுகள் வேண்டும். ஒரு அறையில் புகை வந்தால் வீடு முழுக்கக் கத்துகிற அலாரம் வேண்டும். சாவியில்லாமல் திறக்கிற பூட்டு வேண்டும். இதெல்லாம் உன் கையெழுத்து இல்லாமல் முடியாது. போன முறை கெஞ்சவில்லை என்று எழுதியிருந்தேன். இந்த முறை அந்த வரியை எழுதவில்லை.

கிளிஃபர்ட்


ஸ்ட்ரோம்னஸ்
24 ஏப்ரல்

அண்ணா,

கையெழுத்து இத்துடன் இருக்கிறது. இரண்டு இடத்தில் போட்டிருக்கிறேன், ஒன்று வேலைகளுக்கு, ஒன்று உரிம விண்ணப்பத்துக்கு. வக்கீலின் காகிதத்தை அடுப்பில் போட்டேன். அது உன் கதவைவிட வேகமாக எரிந்தது.

ஏன் போட்டேன் என்று நீ கேட்க மாட்டாய், ஆகவே சொல்கிறேன். படகில் ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை இருக்கும். குழந்தைக்குச் சின்னதாக ஒன்று. அது இருக்கிற வரைதான் அந்த ஆளை நாங்கள் ஏற்றுவோம். நீ கேட்கிற கதவு அதுதான். நான் இத்தனை நாள் 'ஆட்களை இறக்கிவிடு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மிதவைச் சட்டை வாங்கு என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

இன்னொன்றும் உண்டு. யாரும் எண்ணாத குழந்தையை நீ எண்ணினாய். எண்ணியதால் உனக்கு நஷ்டம், வம்பு, தங்கையோடு கோர்ட்டு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இந்த ஊரில் நான் மதிக்கிற மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அப்படிப் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பட்டியல் நீளமாக இல்லை. நீ பிடிவாதக்காரன்தான். பெரும்பாலும் தவறான இடத்தில் பிடிவாதம். இந்த முறை சரியான இடத்தில்.

நிபந்தனைகள். உரிமத்தில் என் பெயரும் ஏதாவது ஒரு மூலையில் வர வேண்டும். யார் வந்தாலும் போனாலும் முதலில் எனக்கு எழுத வேண்டும், ஆக்டன் அம்மாள் எழுதுவதற்கு முன்னால். மீதிக் கதவுகளைத் தூக்கி எறியக்கூடாது. என் அறைக் கதவு எனக்கு வேண்டும். இங்கே பின்புறக் கொட்டகைக்கு மாட்டுவேன். அங்கே வெறும் உருளைக்கிழங்குதான் தூங்குகிறது, எரிந்தால் எரியட்டும். ஜூன் மாதம் வந்து எடுத்துக்கொள்கிறேன். ஸ்டேஷன் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன், உனக்குச் சிரமம் வேண்டாம்.

ஒன்று மட்டும் உன் கடிதத்தில் இல்லை. பலமுறை தேடினேன். எந்தக் கதவை எரித்தாய்? பதில் எதுவானாலும் கையெழுத்து கையெழுத்துதான். ஆனாலும் எழுது.

எனிட்


ஹாலிஃபாக்ஸ்
6 மே

எனிட்டுக்கு,

என்னுடையதை.

உன்னுடையது என் வீட்டில்தான் இருக்கிறது. இங்கே சின்ன அறையில் கம்பளியில் சுற்றிச் சாய்த்து வைத்திருக்கிறேன். மற்ற கதவுகளை அம்மா வீட்டு நிலவறையில் அடுக்கினேன். படிக்கட்டுக்குக் கீழே விறகா அடுக்குகிறீர்கள் என்று ருக்சானா கேட்டாள், மறுபடி வெளியே எடுத்தேன். டெஸ்மண்ட் தன் பஸ் டெப்போவில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறான்.

புதுக் கதவுகள் வந்துவிட்டன. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. தானாக மூடிக்கொள்கின்றன, முதல் நாள் மூன்று பேருக்கு முட்டியில் அடி. கதவைத் திறந்து வைக்க ஒருவன் செருப்பைச் செருகினான், யார் என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தையை அவனிடம் கொடுத்து, "இவளைக் கேட்டுட்டு செருகு" என்றாள் ரூடோ. செருப்பு போய்விட்டது.

அலாரத்தைச் சோதித்தபோது கலினா அதைவிடச் சத்தமாக அழுதாள். ருக்சானா இரண்டையும் குறித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

உரிமம் வந்தது. அதிகபட்சம் ஐந்து பேர் என்று போட்டிருக்கிறது. என் பெயருக்குக் கீழே பங்குதாரர் என்று உன் பெயர். கூடத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டியாயிற்று. யாகோதா தினமும் வெளியே போகும்போது அதைத் தொட்டுவிட்டுப் போகிறாள்.

உன் கடிதத்தில் ஒரு பத்தி இருக்கிறது, இரண்டாவது பக்கத்தில். நானும் இரண்டு தரம் படித்தேன்.

ஸ்டேஷன் பக்கத்து அறை வேண்டாம். அந்த விடுதிப் படிக்கட்டு எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு இறங்க முடியாது. என் வீட்டில் சின்ன அறை இருக்கிறது. உன் கதவும் அங்கேதான் இருக்கிறது. ருக்சானாவிடம் கேட்டுவிட்டேன். ஒரே கூரையின் கீழ் இருந்தால் அண்ணனும் தங்கையும் ஒரே குடும்பம். எத்தனை நாள் இருந்தாலும் உரிமம் வேண்டாம்.

அண்ணன்